உங்களுக்கு மட்டும்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
என் போனில் நெபுலைசர்
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
சகாயத்தின் போனில்,
ஓரம் நொறுங்கிய அந்தப் பழைய போனில்,
அதே கம்பெனி, அதே வெள்ளை டப்பா, அதே நீலக் குழாய்
ஆயிரத்து நானூற்று அறுபது.
தலையணை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
நடுவில் ஜெபின்
உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.
மேல்காற்று அடித்தால் எர்ணாவூரில்
இப்படித்தான்.

வண்ணாரப்பேட்டையிலும் முகம் பார்த்து விலை சொல்வான்,
கல்யாணத்துக்கு எடுக்க வந்தவளுக்கு ஒன்று,
சும்மா நுழைந்தவளுக்கு ஒன்று.
ஆனால் அவன் முகத்தை நானும் பார்க்கலாம்.
ரெண்டு கடை தள்ளி நடந்தால்
"யக்கா, வா யக்கா, கொறச்சுக்கலாம்" என்பான்.
இது கூப்பிடவில்லை.
சகாயத்தை எழுப்பிப் பின் நம்பர் கேட்பதற்குள்
அவன் போனிலும் ஏறிவிட்டது
என் விலைக்கு.
கீழே சிவப்பில்: ஒன்று மட்டுமே மீதம்.

வாங்கினேன்.
வாங்காமல்?

வந்த டப்பாவின் அடியில் ஒரு ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினால் உரிந்தது.
அதிகபட்ச சில்லறை விலை
ஆயிரத்து அறுநூற்று ஐம்பது,
எல்லா வரிகளும் உட்பட.

போன் போட்டேன். ஒரு பெண்:
"இது டைனமிக் விலை, மேடம்."
அப்படின்னா?
"அது... மாறிக்கினே இருக்கும் மேடம்."
மாறிக்கினே என்றதும் கேட்டேன், எந்த ஊரும்மா?
கொருக்குப்பேட்டையாம்.
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.
பிறகு அவளே மெதுவாக,
"ஸ்கிரீன்ஷாட் வச்சிக்கோங்க" என்றாள்.

நான் காசிமேட்டில் ஏலக் கணக்கு எழுதுகிறவள்.
விலை மாறவே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.
விடியுமுன் வஞ்சிரம் ஒரு விலை,
வெயில் ஏறினால் வேறு.
கூடைக்கு முன்னால் நின்று ஒருவர் கத்துவார்.
ஹோட்டல்காரன் காதிலும் அதே விலை,
கூடை தூக்கும் தேசம்மா காதிலும் அதே விலை.
கத்தாமல்
ஆளாளுக்குக் காதில் ஓதினால்
அன்றைக்கே செதிலோடு அவர் கடலில் கிடப்பார்.

இதைத்தான் நுகர்வோர் ஆணையத்தில் சொல்ல நினைத்தேன்.
எதிர்த் தரப்பு வக்கீல் முந்திக்கொண்டார்:
விற்றவர் வேறு, நாங்கள் வெறும் மேடை.
மேடை மேல் நின்றவர் யார் என்றேன்.
தாளைப் புரட்டினார்.
"இருநூற்று நாற்பது ரூபாய்க்கா அம்மா
எண்ணூரிலிருந்து இவ்வளவு தூரம்?"
பெண்களுக்கு பஸ் சும்மாதானே ஐயா.
யாரோ சிரித்தார்கள்.
ஒருநாள் கூலி போனதை நான் சொல்லவில்லை.
வாய்தா.
அடுத்த மாதமும் வாய்தா.

இப்போது எங்கள் தெருவில்
தண்ணி லாரிக்குக் குடம் போட்டு நிற்கிற நேரம்
யாருக்கு என்ன வாங்க வேண்டுமோ அதன் பெயரைச் சொல்ல,
எல்லோரும் போனை எடுக்கிறோம்.
ஒவ்வொருத்தியாக விலையைக் கத்துகிறாள்.
நான் பழைய ஏல நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்:
தேதி, பொருள், ஆள், விலை.
குறைந்த போனில் வாங்குகிறோம்.
நோட்டு ஆணையத்துக்கும் வரும்,
வாய்தா தீரட்டும்.

நேற்று கிரைண்டர்.
ஏழு போனில் ஏழு விலை.
நஸீமா போனில் மட்டும் முந்நூற்றுப் பத்து கம்மி,
"உங்களுக்கு மட்டும்" என்று பச்சையில்.
ஏன் அவளுக்கு மட்டும் என்று
யாருக்கும் தெரியவில்லை.
நஸீமா பயந்துபோய்
போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.